ஒன்பதாவது இடத்தில் ஒரு லெஃப்ட் டேக்கிள் வேண்டும்

ஏப்ரல் 25, வியாழக்கிழமை இரவு டெட்ராய்ட்டில் 2024 என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்ட் தொடங்குகிறது. முதலில் அழைக்கப்போகும் பெயர் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கேலப் வில்லியம்ஸ்தான், அதைச் சிகாகோவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதப்போகிறேன். இடையில் ஏழு பெயர்கள் போனபின் மறுபடியும் நம் பேர்ஸ் அணியின் முறை வரும், அந்த ஒன்பதாவது தேர்வைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஊரே அங்கே ஒரு வைட் ரிசீவரை (ஓடிப்போய் எறிந்த பந்தைப் பிடிப்பவர்) கேட்கிறது. நான் கேட்பது பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லெஃப்ட் டேக்கிள் (குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காப்பவர்) ஒலு ஃபஷானுவை.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் முறை போட்டு எடுத்துக்கொள்ளும், மொத்தம் ஏழு சுற்று, போன சீசனில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் முறை. அந்த முறையையே இன்னொரு அணிக்குக் கைமாற்றலாம். பேர்ஸ் கையில் இப்போது முதல் இடம் இருப்பது அப்படித்தான். 2023 மார்ச்சில் நம்மிடம் இருந்த முதல் தேர்வை கரோலினா பேந்தர்ஸுக்குக் கொடுத்தோம். பதிலுக்கு டிஜே மூர் என்ற அருமையான ரிசீவர், அந்த வருடத்து ஒன்பதாவது தேர்வு, ஒரு இரண்டாம் சுற்று, 2024-க்கான அவர்களுடைய முதல் சுற்று, 2025-க்கான இரண்டாம் சுற்று எல்லாம் வந்தன. பேந்தர்ஸ் 17 ஆட்டத்தில் இரண்டே இரண்டுதான் ஜெயித்தது. அவர்கள் தோற்கத் தோற்க நம் தேர்வு மேலே ஏறிக்கொண்டே வந்தது. நம் சொந்த அணி 7-10 என்று முடித்ததால் வந்ததுதான் இந்த ஒன்பதாவது இடம். பொது மேலாளர் ரயன் போல்ஸ் செய்த வேலைகளிலேயே இதுதான் உச்சம் என்பேன்.

டிசம்பர் 31-ஐ மறக்கவே முடியாது. சோல்ஜர் ஃபீல்டில் அட்லாண்டாவை 37-17 என்று அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தோம். அரங்கம் முழுக்க நம் குவார்ட்டர்பேக்குக்காக ‘எங்களுக்கு ஃபீல்ட்ஸ்தான் வேண்டும்’ என்று ஒரே குரலில் கோஷம். அதே நாளில் கரோலினா, ஜாக்சன்வில்லிடம் 26-0 என்று தோற்றுப்போனது. பிலடெல்ஃபியாவை அரிசோனா வென்றது. அத்தோடு முதல் தேர்வு நமக்கு உறுதியாகிவிட்டது. ஜஸ்டின் ஃபீல்ட்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்று ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்திய அதே மதியத்தில், அவருடைய இடத்துக்கு இன்னொருவரை எடுக்கும் உரிமை வந்து சேர்ந்தது. மார்ச்சில் அவரை பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். கிடைத்தது 2025-இல் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வு, அவர் போதுமான அளவு ஆடினால் அது நான்காம் சுற்றாக மாறும். அந்த மனிதரின் உழைப்புக்கும் ஒரு தடவைகூட முகம் சுளிக்காத பண்புக்கும் இது ரொம்பக் குறைந்த விலை என்று இன்றைக்கும் வருத்தம்தான்.

வருத்தம் இருந்தாலும் கேலப்பை எடுப்பது சரி. நூறு வருடம் தாண்டிய இந்த அணியில் ஒரு சீசனில் 4,000 யார்டு எறிந்த குவார்ட்டர்பேக் ஒருவர்கூடக் கிடையாது. என்எஃப்எல்லில் அப்படி இருக்கும் ஒரே அணி நாம்தான். நம் சாதனை 1995-இல் எரிக் கிரேமர் எறிந்த 3,838, 2023 சீசன் வரை அது அப்படியே நின்றது. நாம் இங்கே ஆளைத் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம் வடக்கே கிரீன் பே அணியில் குவார்ட்டர்பேக்காக ஃபார்வ், அவருக்குப் பின் ராஜர்ஸ், இப்போது லவ். ஜனவரியில் கடைசி ஆட்டத்தில் அந்த லவ்தான் 17-9 என்று நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டு பிளேஆஃபுக்குப் போனார். கேலப் 2022-இல் யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்காக 4,537 யார்டு, 42 டச்டவுன் எறிந்து, ஐந்தே ஐந்து இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறி) கொடுத்து, கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். பணக் கணக்கும் அவருக்குச் சாதகம். நான்கு வருடத்துக்கும் சேர்த்து அவருக்குக் கொடுக்கவேண்டியது 4 கோடி டாலருக்குள்தான். சின்சினாட்டி தன் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு ஒரே வருடத்துக்கு 5.5 கோடி டாலர் கொடுக்கிறது. மிச்சமாகும் பணத்தில் ஒரு அணியையே கட்டலாம். முதல் தேர்வுப் பேச்சு இத்தோடு சரி.

இனி நான் எழுத வந்த விஷயம்.

2021 செப்டம்பர் 26, கிளீவ்லாந்து. ஃபீல்ட்ஸ் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் நாள். இருபது முறை எறிந்து ஆறு பிடிபட்டது, 68 யார்டு. அதே ஆட்டத்தில் ஒன்பது முறை பந்தோடு சேர்த்து அவரைத் தரையில் சாய்த்தார்கள் (இதைத்தான் சாக் என்பார்கள்), அதில் பறிபோனது 67 யார்டு. 68-இல் 67 போனால் மிச்சம் என்ன? ஒரு முழு ஆட்டத்தில் பேர்ஸ் எறிந்து சம்பாதித்தது ஒரே ஒரு யார்டு. கிளீவ்லாந்தின் மைல்ஸ் காரட் ஒருவர் கணக்கில் மட்டும் நாலரை சாக். ஒவ்வொரு தடவையும் ஃபீல்ட்ஸ் எழுந்து, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் அதே இடத்துக்குப் போய் நிற்பார், மறுபடியும் அதே மாதிரி விழுவார். அந்த சீசனில் நம் லெஃப்ட் டேக்கிள் யார் தெரியுமா? 39 வயது ஜேசன் பீட்டர்ஸ். பெரிய ஆட்டக்காரர்தான், மரியாதை உண்டு, ஆனால் ஆகஸ்ட் மாதம் அவசரத்துக்கு வெளியிலிருந்து கூட்டிவந்த ஆள். அந்த இடத்துக்கென்று இரண்டாம் சுற்றில் எடுத்த டெவன் ஜென்கின்ஸுக்கு முதுகில் அறுவைசிகிச்சை. அவரை எடுத்த கையோடு பழைய லெஃப்ட் டேக்கிள் சார்ல்ஸ் லேனோவையும் போகச் சொல்லியிருந்தார்கள். ஃபீல்ட்ஸுக்காக மேலே ஏறுவதற்கு அடுத்த வருடத்து முதல் சுற்றையே நியூயார்க் ஜயண்ட்ஸுக்குக் கொடுத்த அணி, அவர் முன்னால் நிற்க ஆள் ஏற்பாடு செய்யாமல் களத்தில் இறக்கிவிட்டது.

மூன்று வருடத்தில் அவர் வாங்கிய சாக் 36, 55, 44. மொத்தம் 135, அதுவும் வெறும் 40 ஆட்டத்தில். அவர் தேறவில்லை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 135 தடவை அடித்து வீழ்த்தப்பட்ட ஒருவருக்கு, பந்து கைக்கு வந்ததும் கண் போகவேண்டியது தூரத்தில் ஓடும் ரிசீவர் மேல் என்பது மறந்து, பக்கத்தில் வருகிறவன் மேலேயே போவது இயல்புதானே? இதே பாடம் கரோலினாவிலும் நடந்தது. நாம் கொடுத்த முதல் தேர்வில் அவர்கள் எடுத்த பிரைஸ் யங், முதல் வருடமே 62 சாக் வாங்கினார். பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை சீசன் முடியும் முன்பே நீக்கிவிட்டார்கள். அந்தப் பையன் எப்படி ஆடுவான் என்று யாருக்கும் இன்னும் தெரியாது, ஏனென்றால் அவனை ஆடவே விடவில்லை.

வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக் எறிவதற்காகத் திரும்பி நிற்கும்போது, அவருடைய முதுகு இடது பக்கம் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் வருகிறவன் அவர் கண்ணுக்கே தெரியமாட்டான். அங்கே நிற்பவர்தான் லெஃப்ட் டேக்கிள், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லைனில் ஒருவர். ஆட்டம் பார்க்கும்போது யாரும் அவரைப் பார்ப்பதில்லை, பந்து போகும் திசையில்தான் எல்லோருடைய கண்ணும். ஒரு தடவை மட்டும் பந்தை விட்டுவிட்டு அவரையே பாருங்கள். 120 கிலோ ஆள் ஒருவன் ஸ்பிரிண்டர் வேகத்தில் வெளியிலிருந்து வளைந்து வருவான், இவர் பின்னால் நகர்ந்துகொண்டே, கால் பின்னாமல், இடுப்பைத் தாழ்த்தி, கையை எப்போது நீட்டவேண்டுமோ அப்போதுதான் நீட்டி, அவனைக் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் சுற்றிப் போகும்படி வழிநடத்துவார். இரண்டரை, மூன்று விநாடி. அவ்வளவுதான் வேலை. ஒரு ஆட்டத்தில் நாற்பது முறை அதைத் தவறாமல் செய்யவேண்டும், முப்பத்தொன்பது முறை செய்துவிட்டு ஒருமுறை விட்டால் குவார்ட்டர்பேக்கின் முழங்கால் போய்விடும்.

ஃபஷானு அந்த வேலையைச் செய்யும்போது அவசரமே தெரியாது. ஆறடி ஆறங்குலம், வயது 21, அந்த உடம்புக்கு அப்படி ஒரு பாதம் அமைவது அபூர்வம். 2023 டிராஃப்டுக்கே வந்திருக்கலாம், வந்திருந்தால் முதல் சுற்றில் போயிருப்பார். கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று தங்கினார். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவரும் கேலப்பும் வாஷிங்டனில் கொன்சாகா என்ற ஒரே பள்ளியில் ஆடியவர்கள். 2018-இல் கேலப் கடைசி நொடியில் தூக்கி எறிந்த ஒரு நீண்ட எறியில் அந்தப் பள்ளி சாம்பியன் ஆனது, அந்த அணியில் ஃபஷானுவும் உண்டு. கேலப் எப்போது பாக்கெட்டை (லைன் அவரைச் சுற்றிக் காத்துத் தரும் இடம்) விட்டு ஓடுவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று பழகத் தேவையில்லாத ஒரு டேக்கிள் உலகத்திலேயே இருக்கிறார் என்றால் அது இவர்தான். சென்டிமென்டுக்காக மட்டும் ஒருவரை எடுக்கச் சொல்லவில்லை. தகுதி இருக்கிறது, கூடவே இதுவும் இருக்கிறது என்கிறேன்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். அரோராவில் ஒரு நண்பர், வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன வாரம் கோயில் பார்க்கிங்கில் நின்றுகொண்டு இதையேதான் பேசினோம். “பந்தைப் பிடிக்க ஆளில்லாம லைனை வச்சு என்ன தம்பி பண்றது? ஓடூன்சே ஒன்பதுல இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும்” என்றார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோம் ஓடூன்சே 2023-இல் 92 கேட்ச், 1,640 யார்டு, 13 டச்டவுன். யார்டில் நாட்டிலேயே முதலிடம். நெருக்கமாக ஆள் ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் உயரத்தில் எகிறிப் பந்தைப் பறித்துக்கொள்வதில் அவருக்கு ஈடு இல்லை. மார்வின் ஹாரிசன் ஜூனியரும் மலிக் நேபர்ஸும் ஒன்பதுக்கு முன்பே போய்விடுவார்கள், இவர் நமக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அண்ணனின் அடுத்த கேள்வியும் நியாயமானது. கீனன் ஆலனை இப்போதுதான் ஒரு நான்காம் சுற்றுக்கு சார்ஜர்ஸிடமிருந்து வாங்கியிருக்கிறோம், அவருக்கு இந்த டிராஃப்ட் வாரத்திலேயே 32 வயது ஆகிறது, ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. அடுத்த வருடம் மூருக்குத் துணை யார்?

நான் அவருக்குச் சொன்னது சின்சினாட்டி கதை. 2021 டிராஃப்டில் ஐந்தாவது இடத்தில் அவர்களுக்கு இதே கேள்விதான் வந்தது: ரிசீவர் ஜமார் சேஸா, டேக்கிள் பெனே சூவலா? முந்தைய வருடம் முழங்கால் கிழிந்து சீசனை இழந்த குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு அவர்கள் சேஸை எடுத்தார்கள். சேஸ் பிரமாதமாக ஆடினார், அணி இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. அதனால் அன்றிலிருந்து ரிசீவர் பக்கம் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். கதையின் கடைசிப் பக்கத்தையும் படிக்கவேண்டும். அந்த சீசனில் பர்ரோவுக்கு 51 சாக், பிளேஆஃபில் இன்னும் 19. சூப்பர் பவுலில் மட்டும் ஏழு. மூன்று புள்ளி பின்தங்கி, கடைசி நிமிடத்தில், நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், சேஸ் தன்னைக் காவல் காத்த ஜேலன் ராம்சேயைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். தூக்கிப் போட்டிருந்தால் கோப்பை. ஆனால் எதிரணியின் ஏரன் டோனல்டின் கை பர்ரோவின் இடுப்பைச் சுற்றிவிட்டது, பந்து எங்கோ போய் விழுந்தது. உலகத்தின் சிறந்த ரிசீவர் தனியாக ஓடினாலும் எறிகிறவனுக்கு நேரம் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. அன்று விட்டுப்போன சூவலை ஏழாவது இடத்தில் எடுத்தது டெட்ராய்ட். போன ஜனவரியில் சூப்பர் பவுலுக்கு ஒரு ஆட்டம் பாக்கி என்ற இடம் வரை அவர்கள் வந்தது அந்த லைனின் தோளில் ஏறித்தான். நம்முடைய டிவிஷனில் இருக்கும் அணி அது, வருடத்துக்கு இருமுறை நேரில் பார்க்கிறோம்.

நம் வீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறதே. 1983 டிராஃப்டில் பேர்ஸுக்கு முதல் சுற்றில் இரண்டு தேர்வு. ஆறாவது இடத்தில் எடுத்தது டேக்கிள் ஜிம் கோவர்ட், அதன் பிறகு பதினெட்டாவது இடத்தில்தான் வேகமான ரிசீவர் வில்லி கால்ட். நான்காம் சுற்றில் கார்டு (லைனில் டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) டாம் தேயர், எட்டாம் சுற்றில் மார்க் போர்ட்ஸ், அவரைத் தடுப்பாட்டத்திலிருந்து மாற்றி கார்டாக்கினார்கள். அதே எட்டாம் சுற்றில்தான் தடுப்பாட்டக்காரர் ரிச்சர்ட் டென்டும். 1985 சீசன் முடிவில் நியூ இங்கிலாந்தை 46-10 என்று நொறுக்கிய அணியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தடுப்பாட்டத்தைத்தான் சொல்கிறார்கள். பந்தோடு ஓடும் வால்டர் பேய்ட்டனுக்கு வழி திறந்ததும் குவார்ட்டர்பேக் ஜிம் மக்மேனை நிற்கவைத்ததும் ஒரே டிராஃப்டில் வந்த இந்த லைன்காரர்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. கோவர்ட் இப்போது ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். தேயரின் குரலை ஒவ்வொரு ஞாயிறும் வானொலி வர்ணனையில் கேட்கிறேன், லைனில் யார் கால் வழுக்கியது என்று அவர் சொல்லித்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் பாதி புரிந்தது.

இன்னொரு எதிர்ப்பு வரும். சாக் என்பது பாதி குவார்ட்டர்பேக்கின் குற்றம், ஃபீல்ட்ஸ் பந்தை அளவுக்கு மீறிக் கையில் வைத்திருந்தார், அதற்கு டேக்கிள் என்ன செய்வார் என்று. உண்மைதான். ஆனால் கேலப்பும் அப்படித்தான் ஆடுகிறார். போன அக்டோபரில் நோட்டர் டேமுக்கு எதிரான ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், மூன்று இன்டர்செப்ஷன், 48-20 தோல்வி. முதல் வாய்ப்பு மூடியதும் அவர் பந்தை விடுவதில்லை, சுற்றிச் சுற்றி ஓடி இன்னொன்றைத் தேடுவார். அதில்தான் அவருடைய மந்திரமும் இருக்கிறது, அதை யாரும் முழுசாக அழிக்கக்கூடாது. மற்றவர்களுக்கு மூன்று விநாடி போதும் என்றால் இவருக்கு நான்கு வேண்டும். அப்படி ஒருவரை எடுத்துவிட்டு லைன் இருக்கிறபடி இருக்கட்டும் என்றால் எப்படி?

இருக்கிற லைன் மோசம் என்று சொல்லவில்லை. போன வருடம் பத்தாவது இடத்தில் எடுத்த டார்னெல் ரைட் வலது பக்கத்தைப் பல வருடம் பார்த்துக்கொள்வார். இடது பக்கம் பிராக்ஸ்டன் ஜோன்ஸ், ஐந்தாம் சுற்றில் வந்து முதல் வருடமே 17 ஆட்டமும் தொடங்கியவர், எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் நேருக்கு நேர் பலமாக மோதினால் அவர் பின்னால் தள்ளப்படுகிறார், போன சீசனில் கழுத்துக் காயத்தில் ஆறு ஆட்டம் இல்லை. அவர் இல்லாத வாரங்களில் என்ன நடந்தது என்று பார்த்தோம். ஃபஷானு வந்தால் ஜோன்ஸ் இருபக்கமும் ஆடக்கூடிய மாற்று ஆளாகிவிடுவார், அப்படி ஒருவர் கையில் இருக்கும் அணி டிசம்பரில் நிம்மதியாகத் தூங்கும்.

தடுப்பாட்டத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் மான்டெஸ் ஸ்வெட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும், டாலஸ் டர்னரையோ லையாட்டு லாட்டுவையோ எடுக்கலாம் என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தடுப்பாட்டம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, ஜேலன் ஜான்சனையும் தக்கவைத்துவிட்டோம். அது அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த டிரேட் பேச்சு. நம்மிடம் இருப்பது மொத்தம் நான்கே தேர்வு: 1, 9, 75, 122. இரண்டாம் சுற்று ஸ்வெட்டுக்குப் போய்விட்டது. அதனால் ஒன்பதிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு தேர்வு வாங்கலாம் என்ற ஆசை போல்ஸுக்கு வரும், அவர் அப்படிப்பட்டவர்தான். பதினொன்றில் மினசோட்டா, பன்னிரண்டில் டென்வர், இரண்டுக்கும் குவார்ட்டர்பேக் வேண்டும். டென்வர் தன்னுடைய 76-ஐச் சேர்த்துக் கொடுத்தால் 75, 76 என்று அடுத்தடுத்து இரண்டு ஆள் எடுக்கலாம், நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாவது இடத்தில் நியூயார்க் ஜெட்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுடைய லெஃப்ட் டேக்கிள் டைரன் ஸ்மித்துக்கு 33 வயது, கிரீன் பேயிலிருந்து அங்கே போன குவார்ட்டர்பேக் ராஜர்ஸுக்கு 40. அந்த அணி ஃபஷானுவைத் தாண்டிப் போகவிடும் என்று நம்பி இரண்டு படி இறங்க எனக்கு மனமில்லை. மினசோட்டாவோடு டிரேட் வேண்டவே வேண்டாம், நம் டிவிஷன்காரனுக்குக் குவார்ட்டர்பேக் எடுத்துக்கொடுக்கிற வேலை நமக்கு எதற்கு?

நோட்டர் டேமின் டேக்கிள் ஜோ ஆல்ட் ஒருவேளை ஒன்பது வரை வந்துவிட்டால் அவரை முதலில் எடுக்கவேண்டும், ஆனால் ஐந்தில் இருக்கும் சார்ஜர்ஸுக்கு ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்திருக்கிறார், லைன் என்றால் உயிரை விடும் மனிதர், அவர் ஆல்ட்டை விடுவார் என்று தோன்றவில்லை. ஆக என் வரிசை: ஆல்ட், ஃபஷானு, அதற்குப் பிறகு ஓடூன்சே. வியாழன் இரவு கமிஷனர் ஓடூன்சே பெயரைப் படித்தால் அண்ணனுக்குத்தான் முதல் போன் போடுவேன், அந்தப் பையன் ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும். ஆனால் அப்படி நடந்தால் வெள்ளிக்கிழமை 75-இல் ஒரு டேக்கிள் வந்தே தீரவேண்டும், 122-இல் உள்லைனுக்கு ஒருவர். கோல்மன் ஷெல்டனும் ரயன் பேட்ஸும் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் இடத்துக்கு வந்திருக்கிறார்கள், இருவரில் யார் என்று ஆகஸ்டில்தான் தெரியும், அங்கேயும் இளம் ஆள் யாரும் இல்லை. கரோலினா தரவேண்டிய 2025 இரண்டாம் சுற்று இன்னும் நம் கையில் இருக்கிறது, அதையும் இப்போதே லைனுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்.